லாக் ஸ்கிரீனில் நியூசிலாந்து, வெளியே நெம்மேலி

லேப்டாப்பைத் திறந்ததும் பாஸ்வேர்ட் கேட்பதற்கு முன்னாடி ஒரு படம் வரும். ஒரு நாள் பனி மூடின மலை, மறுநாள் கண்ணாடி மாதிரி ஒரு ஏரி, அதுக்கு மறுநாள் லாவெண்டர் வயல். நாம அதை ரெண்டு செகண்ட் பார்ப்போம், என்டர் தட்டுவோம், மறந்துடுவோம். ஒரு நாளைக்குப் பத்து தடவை லாக் திறக்கிறவர் நாலு வருஷ இன்ஜினியரிங்கில் பதினாலாயிரம் தடவைக்கு மேல இதைச் செஞ்சிருப்பார். நம்ம பாடப் புத்தகத்தில் இருக்கிற எந்தப் படத்தையும் நாம இத்தனை தடவை பார்த்ததில்ல.

இந்தப் படங்கள் எங்கிருந்து வருது? யார் தேர்ந்தெடுக்கிறாங்க? இலவசமா ஏன் கொடுக்கிறாங்க? இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டா, இன்னொரு கேள்வியும் தானா வரும்: அந்த இடத்தில் நம்ம ஊர் படம் ஏன் சுற்றக்கூடாது? ஈ.சி.ஆரில் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கிற நெம்மேலியை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் பார்க்கலாம்.

முதலில் ஒரு பச்சை மேடு

கம்ப்யூட்டரில் இயற்கைக் காட்சி என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சை மேடும் நீல வானமும்தான். நம்மில் பலர் கம்ப்யூட்டரை முதன்முதலில் தொட்டதே அந்தப் படத்துக்கு முன்னாடிதான். அதன் பெயர் பிளிஸ். சார்லஸ் ஓ'ரியர் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1996 ஜனவரியில், கலிஃபோர்னியாவின் சோனோமா மாவட்டத்தில் ரோட்டோரம் நின்று ஃபிலிம் கேமராவில் எடுத்தது. மைக்ரோசாஃப்ட் அதை வாங்கி 2001இல் எக்ஸ்பியோடு வெளியிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. அந்த மேடு வழக்கமா திராட்சைத் தோட்டம். ஃபைலோக்ஸெரா என்ற பூச்சி வேரைத் தாக்கினதால் கொடிகளைப் பிடுங்கியிருந்தாங்க. அந்த இடைவெளியில் குளிர்கால மழைக்கு முளைத்த புல்தான் நாம பார்த்த பச்சை. சில வருஷம் கழிச்சு அங்கே மறுபடியும் திராட்சை நட்டுட்டாங்க. அதாவது, எப்பவும் அப்படியே இருக்கும் இயற்கை என்று நாம நினைச்ச படம், ஒரு தோட்டம் அழிந்து அடுத்த தோட்டம் வருவதற்குள் கிடைத்த ஒரு சின்ன நேரம். இதை ஞாபகத்தில் வைங்க, நெம்மேலிக்கு வரும்போது திரும்பவும் தேவைப்படும்.

ஸ்பாட்லைட் எப்படி வேலை செய்யுது

எக்ஸ்பி காலத்தில் ஒரே படம்தான், வருஷக்கணக்கா. படம் மாறிக்கொண்டே இருக்கும் பழக்கத்தைப் பெரிய அளவில் கொண்டுவந்தது பிங் தேடுதளம். 2009இல் தொடங்கினதிலிருந்தே அதன் முகப்பில் தினம் ஒரு படம். 2015இல் விண்டோஸ் 10 வந்தப்போ அதே யோசனை 'விண்டோஸ் ஸ்பாட்லைட்' என்ற பெயரில் லாக் ஸ்கிரீனுக்கு வந்தது. விண்டோஸ் 11இல் டெஸ்க்டாப்பிலும் அதை வைக்கலாம்.

வேலை செய்யும் முறை ரொம்ப எளிமை. நெட் இருக்கும்போது விண்டோஸ் பின்னணியில் மைக்ரோசாஃப்ட் சர்வரிடம் கேட்கும். சர்வர் சில படங்களையும், ஒவ்வொன்றோடும் அது எந்த இடம், என்ன தலைப்பு, எந்த லிங்க் என்ற விவரத்தையும் அனுப்பும். அது உங்க டிஸ்க்கில் சேமிக்கப்படும். அப்புறம் லாக் ஸ்கிரீன் அங்கிருந்து ஒவ்வொன்றா எடுத்துக் காட்டும். அதனால்தான் ஹாஸ்டலில் வைஃபை போன நாளிலும் படம் வருது. சில சமயம் ஒரே படம் வாரக்கணக்கில் மாறாமல் நிற்பதுக்கும் காரணம் இதுதான்: புதுசு இறங்கலைன்னா பழைய சேமிப்பே ஓடும். செட்டிங்ஸில் 'பிக்சர்' என்று ஒரு தடவை மாற்றி, திரும்ப 'ஸ்பாட்லைட்' என்று வைத்தால் பெரும்பாலும் சரியாகிடும்.

படத்தின் மேலேயே 'இது பிடிச்சிருக்கா' என்று ஒரு கேள்வியும் இருக்கும். பிடிச்சிருக்கு, பிடிக்கல என்று நாம சொல்லும் பதிலை வைத்து அடுத்து என்ன காட்டுவது என்று தீர்மானிக்கிறாங்க. அதாவது வெறும் அலங்காரமா தெரியும் அந்தத் திரை, நம்மிடம் தினமும் ஒரு சின்ன சர்வே எடுக்குது.

படம் ஒளிஞ்சிருக்கும் ஃபோல்டர்

டிஸ்க்கில் இருக்குன்னா எடுத்துப் பார்க்க முடியணுமே? முடியும். விண்டோஸ் 10இல் உங்க யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, அதுக்குள் லோக்கல், அதுக்குள் பேக்கேஜஸ். அங்கே 'மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் கன்டென்ட் டெலிவரி மேனேஜர்' என்று தொடங்கும் நீளமான பெயருள்ள ஃபோல்டர் இருக்கும். அதைத் திறந்து லோக்கல்ஸ்டேட், பிறகு அசெட்ஸ். ஆப்டேட்டா மறைக்கப்பட்ட ஃபோல்டர் என்பதால் 'மறைந்தவற்றைக் காட்டு' என்பதை முதலில் ஆன் பண்ணணும். விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் இந்த இடம் மாறியிருக்கலாம். அங்கே ஐரிஸ் சர்வீஸ் என்ற பெயருள்ள ஃபோல்டரைத் தேடிப் பாருங்க.

உள்ளே போனால் படம் எதுவும் தெரியாது. எழுத்தும் எண்ணும் கலந்த நீளப் பெயர்கள், கடைசியில் ஜேபிஜி போன்ற எக்ஸ்டென்ஷனும் கிடையாது. இங்கேதான் முதல் வருஷத்தில் படிச்ச ஒரு விஷயம் உதவும். ஒரு ஃபைல் என்ன வகை என்பதை அதன் பெயர் முடிவு பண்ணாது, உள்ளே இருக்கிற முதல் சில பைட்டுகள்தான் சொல்லும். ஜேபெக் படம் எதுவானாலும் ஹெக்ஸில் முதல் ரெண்டு பைட் எஃப்எஃப், டி8 என்றே இருக்கும். எனவே அந்த ஃபைல்களை வேறொரு ஃபோல்டருக்கு காப்பி பண்ணி, பெயரின் கடைசியில் ஜேபிஜி என்று சேர்த்தால் படம் திறந்துடும். சின்னச் சின்ன ஐகான்களும் கலந்து கிடக்கும், அளவு பெருசா இருக்கிறதை மட்டும் எடுத்தால் போதும். அதில் 1920க்கு 1080 என்பது லேப்டாப்புக்கு, 1080க்கு 1920 என்பது செங்குத்தா பிடிக்கும் டேப்லெட்டுக்கு.

எடுத்து வைத்துப் பார்ப்பதில் தப்பில்ல. ஆனா அந்தப் படங்களுக்குப் புகைப்படக்காரரின் உரிமை இருக்கு. பெரும்பாலும் படத்தின் ஓரத்திலேயே அவர் பெயரோ ஏஜென்சி பெயரோ இருக்கும். நம்ம சிம்போசியம் போஸ்டருக்குப் பின்னணியா அதைப் போடுவது சரியில்ல.

இலவசம் என்றால்

பூட்டின திரை என்பது ரொம்ப மதிப்பான இடம். ஆப் திறக்கணும், தளத்துக்குப் போகணும் என்பதெல்லாம் இல்லாமலேயே எல்லாரும் பார்க்கும் இடம் அது. 2016 தொடக்கத்தில் அந்த இடத்தில் 'ரைஸ் ஆஃப் தி டூம் ரெய்டர்' கேமின் படம் வந்தது. காட்சிப்படம் வர வேண்டிய இடத்தில் விளம்பரம் வந்துடுச்சே என்று அப்போ நிறைய பேர் கோபப்பட்டாங்க.

இந்தியாவில் இதே விஷயம் போனில் இன்னும் பெரிய அளவில் நடக்குது. பெங்களூருவில் வளர்ந்த இன்மொபி நிறுவனத்தின் 'கிளான்ஸ்' பல ஆண்ட்ராய்டு போன்களின் லாக் ஸ்கிரீனில் முன்கூட்டியே வரும். ஒரு மலை, ஒரு செய்தி, ஒரு கேம் என்று ஸ்வைப் பண்ணப் பண்ண மாறும். அதில் 2020இல் கூகுளும் 2022இல் ஜியோவும் பணம் போட்டாங்க என்பதை வைத்தே அந்த ரெண்டு செகண்டின் விலையைப் புரிஞ்சுக்கலாம்.

இதெல்லாம் கெட்டது, உடனே அணைச்சுடுங்க என்று சொல்ல வரல. ஸ்பாட்லைட் படங்கள் நிஜமாவே நல்லா இருக்கும். அங்கே என்ன வரணும் என்பதை இப்போ வேற ஒருத்தர் முடிவு பண்ணறார், அவ்வளவுதான். அதை நாமளும் முடிவு பண்ணலாம்.

எல்லாப் படமும் ஏன் அங்கே மாதிரியே இருக்கு

விண்டோஸ் 10 லாக் ஸ்கிரீனில் ஒரு குகையின் வாயிலிருந்து கடலும் பாறைகளும் தெரியும், ஈர மணலில் ஒருத்தர் ஓடுவார். அது நியூசிலாந்தின் தென் தீவில் இருக்கிற வாராரிகி கடற்கரை. ஆப்பிள் பக்கம் போனால் மேவரிக்ஸ், யோசெமிட்டி, எல் கேப்பிடன், சியரா, சோனோமா என்று ஓ.எஸ். பெயர்களே கலிஃபோர்னியாவின் இடங்கள். முதலில் சொன்ன பிளிஸ் எடுத்த அதே சோனோமா 2023இல் மேக்கின் பெயராவும் வந்தது. 'அழகான நிலப்பரப்பு' என்றால் என்ன என்பதை நம்ம கண் பெரும்பாலும் சில குறிப்பிட்ட நாடுகளிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கு.

இதில் தேர்ந்தெடுப்பவரின் ரசனை ஒரு பங்கு. ஆனா இன்னொரு பங்கு ஜியாமெட்ரி. சூரியன் தொடுவானத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போதுதான் அந்தப் பொன்னிற வெளிச்சம் கிடைக்கும். சுமார் 6 டிகிரி உயரம் வரைக்கும் என்று வைச்சுக்கலாம். பூமி மணிக்கு 15 டிகிரி சுற்றுது. பகலும் இரவும் சமமா இருக்கும் மார்ச், செப்டம்பர் நாட்களில் சூரியன் எழும்பும் வேகம், அந்த 15ஐ அட்சரேகையின் கொசைனால் பெருக்கினால் வரும். நெம்மேலி சுமார் 12.7 டிகிரி வடக்கு. கணக்குப் போட்டால் மணிக்கு 14.6 டிகிரி. அப்போ 6 டிகிரி ஏற சுமார் 25 நிமிஷம். நார்வே போல 60 டிகிரியில் இருக்கிற ஊரில் வேகம் 7.5 டிகிரிதான், அதனால் 48 நிமிஷம். அங்கே குளிர்காலத்தில் சூரியன் மேலேயே ஏறாது, நாள் பூரா அதே வெளிச்சம். அந்த ஊர் புகைப்படக்காரருக்கு ட்ரைபாடை நிதானமா வைத்து டீ குடிக்க நேரம் இருக்கு. நமக்கு இல்ல. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஈ.சி.ஆர். மணலில் எடுத்தால் வெள்ளையடிச்ச சுவர் மாதிரிதான் வரும், அதைப் பார்த்து 'நம்ம ஊரில் ஒண்ணும் இல்ல' என்று முடிவு பண்ணிடுவோம்.

நம்ம பக்கம் ஒரு நல்ல விஷயம், கடல் கிழக்கே இருக்கு, சூரியன் தண்ணீரிலிருந்தே எழும்பும். ஜூன் தொடக்கத்தில் 5:40ஐ ஒட்டியும் ஜனவரி கடைசியில் 6:35ஐ ஒட்டியும் சூரிய உதயம். அதாவது சீக்கிரம் எழுந்திருக்க முடியாதவங்க ஜனவரியைத் தேர்ந்தெடுங்க.

நம்ம ஸ்லைட்ஷோ: என்ன எடுக்கலாம், எப்படி வைக்கலாம்

நெம்மேலியில் என்ன இருக்கு என்று கேட்டால் பலர் சொல்வது கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம். 2013இல் நாளுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு தொடங்கினது. 2024இல் பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று. ஆனா அதே சாலையின் ரெண்டு பக்கமும் பாருங்க. கிழக்கே கடல், ஃபைபர் போட்டுகள், காயும் வலை. மேற்கே பக்கிங்காம் கால்வாய். நடுவில் சவுக்குத் தோப்பும் பனையும். வடக்கே கேளம்பாக்கம் உப்பளமும், சீசனில் பூநாரைகளும். தெற்கே சாளுவன்குப்பம் புலிக்குகை, அதைத் தாண்டினால் 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மாமல்லபுரம். அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை மேகம் கடல் மேல் கறுத்து வரும்போது கிடைக்கும் காட்சி எந்த ஸ்பாட்லைட் படத்துக்கும் குறைஞ்சதில்ல.

எடுத்த படம் லாக் ஸ்கிரீனில் நல்லா வர சில விஷயங்கள்:

1. போனை படுக்கை வாட்டத்தில் பிடிங்க. போன் கேமரா வழக்கமா 4க்கு 3 விகிதம், லேப்டாப் திரை பெரும்பாலும் 16க்கு 9. வெட்டும்போது உயரத்தில் கால் பங்கு போயிடும். 4000க்கு 3000 பிக்சல் படம் 4000க்கு 2250 ஆகும். ஃபுல் ஹெச்டி திரைக்கு இது தாராளம். மேலேயும் கீழேயும் கொஞ்சம் இடம் விட்டே எடுங்க.

2. கடிகாரம் எங்கே வரும் என்று யோசிங்க. விண்டோஸ் 10இல் கீழே இடது மூலை, விண்டோஸ் 11இல் மேலே நடுவில். அந்த இடத்தில் வெறும் வானமோ தண்ணீரோ இருந்தால் எண் தெளிவா தெரியும். பனை ஓலையோ படகுக் கூட்டமோ இருந்தால் மணி பார்க்க முடியாது.

3. கடல் தொடுவானம் நேரா இருக்கணும். ரெண்டு டிகிரி சாய்ஞ்சாலும் தண்ணீர் வழியற மாதிரி தெரியும். கேமராவில் கிரிட் கோடுகளை ஆன் பண்ணிக்கோங்க.

4. வாட்ஸ்ஆப்பில் சாதாரணமா அனுப்பி வாங்கின படத்தைப் போடாதீங்க, அது சுருங்கி வரும். டாக்குமென்ட்டா அனுப்புங்க, இல்ல கேபிளில் மாற்றுங்க.

5. கரையில் வேலை செய்யறவங்க முகம் தெரியற மாதிரி எடுக்கிறதுன்னா முதலில் கேளுங்க. ட்ரோன் வைச்சிருக்கிறவங்க பறக்கவிடும் முன் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்க. தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கு என்பதை மறக்க வேணாம்.

இருபது, முப்பது படம் சேர்ந்ததும் ஒரு ஃபோல்டரில் போடுங்க. செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், லாக் ஸ்கிரீன் போய் ஸ்பாட்லைட்டுக்குப் பதில் 'ஸ்லைட்ஷோ' தேர்ந்தெடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் முடிஞ்சது. அங்கேயே பேட்டரியில் ஓடும்போது ஸ்லைட்ஷோ வேணுமா என்று கேட்கும், சார்ஜ் நிற்காத பழைய லேப்டாப்னா வேணாம் என்று வைங்க. டெஸ்க்டாப் பின்னணிக்கும் இதே மாதிரி ஸ்லைட்ஷோ இருக்கு, அதில் ஒரு நிமிஷத்திலிருந்து ஒரு நாள் வரை எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை மாறணும் என்றும் சொல்லலாம். உபுண்டு வைச்சிருக்கிறவங்க டெஸ்க்டாப்புக்கு 'வெரைட்டி' என்ற இலவச மென்பொருளை நிறுவினால் ஃபோல்டரைச் சுற்ற விடும். உபுண்டுவில் புதிய பதிப்புகளுக்காக வால்பேப்பர் போட்டியே நடத்தியிருக்காங்க, உலகில் யார் வேணும்னாலும் படம் அனுப்பலாம் என்ற முறையில். நெம்மேலிப் படம் ஒன்று அங்கே போகக்கூடாது என்று எந்த விதியும் இல்ல.

ஒரே இடம், ஒரே கோணம்

இதுவரை சொன்னது அழகுக்காக. நம்ம கடற்கரைக்கு இன்னொரு காரணமும் இருக்கு.

பிளிஸ் மேடு மாறின மாதிரி கடற்கரையும் மாறும், அதைவிட வேகமா. அலை கரையில் சாய்வா மோதும்போது மணலைப் பக்கவாட்டில் நகர்த்திக்கிட்டே இருக்கும். தமிழ்நாட்டின் இந்தக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் மணல் வடக்கே போகும், வடகிழக்கு மாதங்களில் தெற்கே வரும். வருஷக் கணக்கில் கூட்டிக் கழிச்சால் வடக்கே போவதுதான் அதிகம். நடுவில் ஏதாவது ஒரு கல் தடுப்போ துறைமுகமோ வந்தால், தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை அரிக்கும். 1870களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கினபின் தெற்கே மெரினா அகலமானதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை போனதும் இப்படித்தான். ஈ.சி.ஆர். ஓரக் குப்பங்களில் கேளுங்க, 'அப்போ கடல் அங்கே இருந்துச்சு' என்று கை காட்டாத பெரியவர் அபூர்வம். ஆனா அந்த 'அப்போ'வுக்குப் படம் கேட்டால் பெரும்பாலான வீடுகளில் இருக்காது.

ஆஸ்திரேலியாவில் 2017இல் சிட்னி பக்கத்து ரெண்டு கடற்கரைகளில் 'கோஸ்ட்ஸ்னாப்' என்று ஒரு திட்டம் தொடங்கினாங்க. கரையில் போன் வைக்க ஒரு ஸ்டீல் தாங்கி, அவ்வளவுதான். நடந்து போகிறவர் போனை அதில் வைத்து ஒரு படம் எடுத்துப் பகிர்ந்தால் போதும். இடமும் கோணமும் எப்பவும் ஒன்றே என்பதால், படங்களை அடுக்கி, அலை ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் எடுத்து, கரைக்கோடு எத்தனை மீட்டர் நகர்ந்தது என்று சொல்லிட முடியுது. இப்போ பல நாடுகளில் இதைச் செய்யறாங்க.

நமக்கு ஸ்டீல் தாங்கி கூட வேணாம். நகராத ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்க: ஒரு பாறை, ஒரு கட்டடத்தின் மூலை, ஒரு மின்கம்பம். அதே இடத்தில் நின்று, அதே ஜூமில், அந்தப் பொருள் படத்தில் அதே இடத்தில் வரும்படி மாசத்துக்கு ஒரு படம். ஃபைல் பெயரில் வருஷம், மாதம், நாள், நேரம். வருஷத்தை முதலில் எழுதினால் ஃபோல்டரில் தானா வரிசையாகும். அலை ஏற்றத்தில் ஒன்றும் இறக்கத்தில் ஒன்றும் எடுத்தால் ஒப்பிட முடியாது, அதனால் அன்றைய அலை அட்டவணையைப் பார்த்துட்டுப் போங்க. ஒரிஜினலை வெட்டாமல் தனியா வைங்க, வெட்டினதை மட்டும் லாக் ஸ்கிரீன் ஃபோல்டரில் போடுங்க.

சிவில் மாணவர்களுக்கு இதில் ஒரு கோஸ்டல் இன்ஜினியரிங் ப்ராஜெக்ட் இருக்கு. கம்ப்யூட்டர் சயின்ஸ்காரங்களுக்குப் படத்திலிருந்து கரைக்கோட்டைப் பிரித்தெடுக்கும் ப்ராஜெக்ட் இருக்கு. ரெண்டும் வேணாம்னு சொல்றவங்களுக்கும் வருஷத்துக்குப் பன்னிரண்டு வால்பேப்பர் இலவசம். முதல் வருஷத்தில் இருக்கிறவங்க இன்னைக்குத் தொடங்கினால், கோர்ஸ் முடியறதுக்குள் 48 படம் கையில் இருக்கும். நாங்க ஃபைனல் இயர், எங்களுக்கு நேரம் போயிடுச்சு. இடத்தைத் தேர்ந்தெடுத்து, முதல் படத்தை எடுத்து ஜூனியர்ஸ் கையில் கொடுக்க மட்டும் இன்னும் ஒரு செமஸ்டர் இருக்கு.